“உன் தெருமுனையைப் பாடு!” ராப் பாடகர்களுக்கு பேண்டு குழு போட்ட நிபந்தனை

அமெரிக்காவில் உள்ள நியூ ஆர்லியன்ஸ், பேண்டு வாத்தியத்துக்குப் பேர்போன ஊர். அங்கே கல்யாணமா? பேண்டு. சாவா? அதற்கும் பேண்டுதான்!

அந்த ஊர் இசைக்குழு கேலக்டிக். டிரம், கிட்டார், பேஸ் கிட்டார், ஆர்கன், சாக்சபோன் என்று 5 பேர். வாசிப்பது ‘ஃபங்க்’ இசை. கேட்டால் கால் சும்மா இருக்காது.

2004-ல் குழுவின் பாடகர் விலகிவிட்டார். 2005 ஆகஸ்டு 29-ந்தேதி கத்ரீனா புயல் வந்தது. கரைகள் உடைந்தன. ஊரில் 100-க்கு 80 பங்கு தண்ணீருக்குள் போய்விட்டது. லட்சக்கணக்கான ஜனங்கள் வெளியேறினார்கள். பலர் திரும்பவே இல்லை.

ராப் பாட்டு

2007-ல் கேலக்டிக் குழு ‘ஃப்ரம் த கார்னர் டு த பிளாக்’ என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டது. பெரும்பாலும் ராப் பாட்டு. ராகம் இழுக்கமாட்டார்கள், தாளத்தோடு மடமடவென்று பேசுவார்கள்.

வழக்கமாக ராப் பாட்டுக்கு வாத்தியக்காரர் வேண்டாம். பழைய இசைத்தட்டில் ஒரு துண்டை வெட்டி, அதையே திரும்பத் திரும்ப ஓடவிடுவார்கள். ஜேம்ஸ் பிரவுனிடம் டிரம் அடித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு கதை தெரியுமா? 1970-ல் வெளியான ‘ஃபங்கி டிரம்மர்’ பாட்டில் அவர் அடித்த சில வினாடித் தாளத்தை நூற்றுக்கணக்கான பாட்டுகளில் வெட்டி ஒட்டினார்கள். பாட்டு உரிமையில் அவர் பெயர் இல்லை. அடித்தவர் அவர், காசு யாருக்கோ! 2017-ல் காலமானார்.

கேலக்டிக் குழுவினரோ தாங்களே வாசித்தார்கள். பாட விருந்தாளிகள். ஓக்லண்டு பூட்ஸ் ரைலி, பாஸ்டன் மிஸ்டர் லிஃப், 2021-ல் மறைந்த கிஃப்ட் ஆஃப் கேப் என்று பெரிய பட்டியல். எல்லோருக்கும் ஒரே நிபந்தனை: “உனக்கு முக்கியமான ஒரு தெருமுனையைப் பற்றி எழுது.”

இறகு உடை தலைவர்

உள்ளூர் ராப் பாடகர் ஜுவனைல் பாட, உள்ளூர் பேண்டு சோல் ரெபல்ஸ் முழங்கியது. மாங்க் பூட்ரோ ராப் பாடகரே அல்ல. திருவிழா நாளில் இறகும் மணியும் தைத்த உடை அணிந்து, பாடிக்கொண்டே தெருவில் வரும் கறுப்பர் கூட்டம் ஒன்றின் தலைவர். அவர் பாட்டுக்குப் பெயரே ‘செகண்ட் அண்ட் டிரையட்ஸ்’. அந்த இரண்டு தெருக்கள் கூடும் முனை, அப்படிப்பட்ட கூட்டங்கள் சந்திக்கும் இடம்.

எல்லாப் பாட்டும் ஒரே தரம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் இத்தனை குரல் சேர்ந்தும் கதம்பமாகிவிடவில்லை. அடியில் ஓடுவது ஸ்டான்டன் மூரின் டிரம். அதுதான் எல்லோரையும் கட்டி இழுக்கிறது.

நெப்போலியன் அவென்யூ முனையில் 1977 முதல் இருக்கும் டிபிடினாஸ் இசைக்கூடத்தை 2018-ல் கேலக்டிக் குழுவினரே விலைக்கு வாங்கிவிட்டார்கள்.