மாமாய் மடியிலிருந்த கோப்சா

இசை செவிக்குரியது; ஓவியம் கண்ணுக்குரியது. எனினும், ஒலி மறைந்த பின்னர் அதனை எழுப்பிய கருவியின் வடிவைக் காத்துத் தருவது சில வேளைகளில் ஓவியமேயாகும். உக்ரேன் நாட்டுக் கோப்சா என்னும் வீணையினத்துக் கருவி இதற்குத் தக்க சான்று.

பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் அந்நாட்டிற் பரோக் என்னும் கலைநெறி தழைத்தது. கொசாக்கர் தலைவன் இவான் மசேப்பா காலத்தில் (1687-1709) அந்நெறியிற் பல ஆலயங்கள் எழுந்தன. பதினோராம் நூற்றாண்டினதாகிய கியேவ் நகரத்துப் புனித சோபியா பேராலயமும் புறத்தே பரோக் கோலம் பூண்டது.

செல்வர் கலை ஆலயங்களில் விளங்க, பொதுமக்கள் கலை இல்லங்களில் விளங்கிற்று. அங்கே யாவரும் விரும்பிய உருவம் கொசாக்கு வீரன் மாமாய். துணியில் மட்டுமன்றிக் கதவுகளிலும் பேழைகளிலும் அவனைத் தீட்டினர். அவன் சம்மணமிட்டு அமர்ந்திருக்கிறான்; நிலத்தில் நாட்டிய ஈட்டியிற் குதிரை கட்டப்பட்டுள்ளது; மரக்கிளையில் வாள் தொங்குகின்றது; மடியிலே கோப்சா. வாள் ஓய, நரம்பு பேசுகின்றது.

இனி அக்கருவியை நோக்குவோம். பேரிக்காய் போன்ற குடமும் அதனின்று நீளும் தண்டும் உடையது கோப்சா. இடக்கை தண்டின்மேல் நரம்பை அழுத்த, வலக்கை மீட்டும். பின்னர்க் குடத்தின் ஒரு பக்கத்திற் குறுநரம்புகளும் சேர்ந்தன. இவை அழுத்தப்படுவன அல்ல. ஒவ்வொன்றும் ஒரு சுரமே ஒலிக்கும். இவை பெருகப் பெருக, தண்டில் அழுத்தும் வழக்கம் அருகிற்று. இவ்வாறு வளர்ந்ததே பந்தூரா என்பர். மாமாய் ஓவியங்கள் சிலவற்றில் இக்குறுநரம்புகளையும் காண்கின்றோம்.

ஆயினும், ஓவியர் யாவரும் இசையறிந்தவரல்லர். முன்னைய படத்தைப் பார்த்து வரைந்தோரும் உளர். ஆகவே, ஓர் ஓவியத்தில் நரம்புகளை எண்ணி முடிவு கூறல் தகாது. எழுத்துச் சான்றும் வேண்டும். பார்வையற்ற பாடகர் ஒஸ்தாப் வெரெசாய் மீட்டிய கருவியை மிக்கோலா லிசென்கோ 1874 இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். தண்டின்மேல் ஆறும் குடத்தின்மேல் ஆறுமாக அதற்கு நரம்புகள் பன்னிரண்டு. ஓவியமும் ஏடும் ஒன்றையொன்று விளக்குதல் கண்டு மகிழ்கின்றோம்.

இவ்வாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கன்று. கோப்சார் எனப்பட்ட பாடகர் வாய்மொழியாகவே தம் கலையைக் கற்பித்தனர். ஆசிரியன் மறைந்தால் வித்தையும் மறையும். 1775 இற் சப்பரோசியக் கொசாக்கர் பாசறை அழிக்கப்பட்டது. 1876 இல் உக்ரேனிய மொழி நூல்களுக்குப் பேரரசு தடைவிதித்தது. பந்தூரா வல்லுநர் ஹினாத் ஹொத்கேவிச் 1938 இற் சோவியத்து ஆட்சியினராற் கொல்லப்பட்டார். இத்துணை இடர்களுக்குப் பின்னும் பழைய கோப்சாவை மீளச் செய்ய முற்படுவோர்க்கு, பெயரறியா ஓவியர் தீட்டிய அப்படங்களும் வழிகாட்டுகின்றன. கலைஞனை அழித்தவர்களால் கதவிலிருந்த மாமாயை முற்றாக அழிக்க இயலவில்லை.