0.301 எப்படி 0.401-க்கு ஈடாகும்?

1930-இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் பில் டெர்ரி எடுத்த பேட்டிங் சராசரி 0.401. 1968-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸின் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி எடுத்தது 0.301. இருவருமே அந்தந்த ஆண்டு தத்தம் லீகில் முதலிடம்.

பேஸ்பால் சராசரிக்கும் கிரிக்கெட் சராசரிக்கும் பெயரில்தான் ஒற்றுமை. அடிக்கப்போன முறைகளில் எத்தனை ‘ஹிட்’ (பந்தை அடித்துவிட்டு ஓடிப்போய் பேஸை அடைவது) ஆயின என்பதே இங்கே கணக்கு. பத்துக்கு மூன்று என்றாலே கெட்டிக்காரர். அப்படிப் பார்த்தால் டெர்ரிக்குப் பக்கத்தில்கூட யஸ்ட்ரெம்ஸ்கி நிற்க முடியாது.

ஆனால் 1930-இல் டெர்ரி ஆடிய நேஷனல் லீகின் மொத்தச் சராசரியே 0.303. யார் மட்டையைச் சுழற்றினாலும் பந்து பறந்த காலம் அது. 1968-இல் யஸ்ட்ரெம்ஸ்கி ஆடிய அமெரிக்கன் லீகின் சராசரியோ 0.230. பந்து வீசும் பிட்சர்களின் கை அந்த அளவுக்கு ஓங்கிவிட்டதால், அவர்கள் நிற்கும் மேட்டின் உயரத்தை அடுத்த ஆண்டே 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள். வகுத்துப் பாருங்கள்: இருவருமே சக ஆட்டக்காரர்களைவிட முப்பது சதவீதத்துக்குச் சற்று மேல். வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை.

சராசரியில் இன்னொரு ஓட்டை உண்டு. பிட்சர் நான்கு பந்துகளைத் தப்பாக வீசினால் மட்டையாளர் நடந்தே முதல் பேஸுக்குப் போகலாம். இந்த ‘வாக்’ சராசரிக் கணக்கில் சேராது. வாழ்நாள் சராசரியில் டை காப் 0.367, டெட் வில்லியம்ஸ் 0.344 என்று படித்தால் காப்தான் பெரியவர். வாக்கையும் சேர்த்து, நூறு முறைக்கு எத்தனை முறை பேஸை அடைந்தார்கள் என்று கேட்டால் வில்லியம்ஸுக்கு 48, காப்புக்கு 43. தப்புப் பந்தைத் தொடாமல் விடுவதும் திறமைதானே? அதுவும் உலகப் போரிலும் கொரியப் போரிலும் ஏறக்குறைய ஐந்து சீசன்களைப் பறிகொடுத்தவர் வில்லியம்ஸ். என் ஓட்டு அவருக்கே.

மொத்தக் கணக்குகள் வேறு கதை. பீட் ரோஸின் 4,256 ஹிட் இன்றும் முதலிடம். ஆனால் 24 சீசன் ஆடிய அவருடைய சராசரி 0.303தான். உழைப்புக்குச் சான்று, மட்டை வலுவுக்கு அல்ல. பேரி பாண்ட்ஸின் 762 ஹோம் ரன்களை (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி) ஊக்கமருந்துச் சந்தேகம் இன்னும் விடவில்லை.

காலத்தையும் மைதானத்தையும் சரிக்கட்ட ஓர் அளவு இருக்கிறது: ஓபிஎஸ் பிளஸ். பேஸை அடையும் திறனையும் அடியின் வலுவையும் கூட்டி, லீகின் சராசரி ஆட்டக்காரரை 100 என்று வைப்பது. இதில் வாழ்நாள் கணக்கில் பேப் ரூத்துக்கு 206, வில்லியம்ஸுக்கு 191, பாண்ட்ஸுக்கு 182. ரூத்தின் எண் மிகையல்ல. 1920-இல் அவர் ஒருவரே அடித்த ஹோம் ரன் 54. அமெரிக்கன் லீகின் மற்ற ஏழு அணிகளில் எதுவுமே ஓர் அணியாகச் சேர்ந்தும் அவ்வளவு அடிக்கவில்லை.

ஆனால் ரூத் ஆடிய லீகில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. அவர்கள் ஆடிய நீக்ரோ லீகுகளின் புள்ளிவிவரங்களை மேஜர் லீக் பேஸ்பால் 2024-இல்தான் தன் ஏட்டில் சேர்த்தது. சேர்த்ததும் வாழ்நாள் சராசரியில் காப்பை இறக்கிவிட்டு அந்த லீகுகளில் ஆடிய ஜாஷ் கிப்சன் 0.372-உடன் முதலிடத்துக்கு வந்தார். அடியின் வலுவைக் காட்டும் ஸ்லக்கிங் கணக்கில் ரூத்தின் 0.690-ஐ அவருடைய 0.718 தாண்டியது. காப் பதினோராயிரத்துக்கு மேல் அடிக்கப்போனவர். கிப்சனுக்கு ஏட்டில் இருப்பது இரண்டாயிரத்துச் சொச்சம்தான், ஒப்பிடலாமா என்கிறார்கள் சிலர். நியாயமான கேள்விதான். அந்த லீகுகளின் சீசன் சிறியது, பெரிய லீகின் கதவோ மூடியிருந்தது. கறுப்பின ஆட்டக்காரரான ஜாக்கி ராபின்சன் அதைத் திறந்தது 1947 ஏப்ரலில்; கிப்சன் அந்த ஜனவரியிலேயே, 35 வயதில், இறந்துபோயிருந்தார்.