"இரகசியம்" என்று பதில் வந்தால்: தகவல் உரிமைச் சட்டம் பற்றி ஒரு குறிப்பு

எங்க தெருவுக்குப் பின்னாடி ஒரு மழைநீர் வாய்க்கால் ஓடுகிறது. அதை மூடி ரோடு போடலாமா என்று முடிவு செய்ய ஒரு அரசுக் குழு கூடியது. கூட்டத்துக்குள் பொதுமக்களை விடவில்லை. சரி, போகட்டும். முடிவெடுத்து உத்தரவும் வந்த பிறகு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மினிட்ஸ் நகல் கேட்டேன். பதில் ஒரே வரி: "கூட்டம் இரகசியமானது, நகல் வழங்க இயலாது."

அந்த ஒரு வரிதான் 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை என்னை முழுசா படிக்க வைத்தது.

முதலில், கூட்டம் வேறு, அதன் பதிவு வேறு. அமெரிக்காவில் 1976லேயே, பலர் சேர்ந்து முடிவெடுக்கும் மத்திய அரசு அமைப்புகள் பொதுமக்கள் முன்னால்தான் கூட வேண்டும் என்று, சில விதிவிலக்குகளோடு, சட்டம் போட்டார்கள். நம்ம சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் 4(1)(b)(viii) பிரிவுப்படி, ஒவ்வொரு அலுவலகமும் தன் குழுக்களின் பட்டியலை வெளியிட வேண்டும். அவற்றின் கூட்டத்துக்கு மக்கள் வரலாமா, மினிட்ஸைப் பார்க்கலாமா என்பதையும் நாம் கேட்காமலே அதில் சொல்ல வேண்டும்.

மறுப்பதற்கான காரணங்கள் 8(1) பிரிவில் இருக்கின்றன. என் தொழில் பாஷையில் சொன்னால், டீஃபால்ட் "கொடு"; எக்ஸெப்ஷன் (a) முதல் (j) வரை பத்து. நாட்டின் பாதுகாப்பு, நீதிமன்றத் தடை, சட்டமன்ற உரிமை, வியாபார இரகசியம், தகவல் கொடுத்தவரின் உயிருக்கு ஆபத்து என்று போகிறது. இவை நியாயமானவை, எல்லாத்தையும் திறந்து வை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் "இரகசியமான கூட்டம்" என்று ஒரு எக்ஸெப்ஷன் அந்தப் பத்தில் கிடையாது. அமைச்சரவைக் குறிப்புகளையே, முடிவெடுத்து விஷயம் முடிந்த பிறகு, காரணங்களோடு வெளியிட வேண்டும் என்கிறது (i). அமைச்சரவைக்கே அப்படி என்றால் வாய்க்கால் குழு எந்த மூலை?

மறுக்கும் அதிகாரி எந்தப் பிரிவு, ஏன் பொருந்துகிறது என்று எழுத வேண்டும் (7(8)). மேல்முறையீட்டில் அதை நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையதுதான் (19(5)). பகத் சிங் வழக்கில் 2007ல் டெல்லி உயர் நீதிமன்றம் இதையேதான் சொன்னது: விசாரணை நடக்கிறது என்பது மட்டும் போதாது, தகவல் கொடுத்தால் அது எப்படித் தடைபடும் என்று காட்ட வேண்டும். ஒரு பக்கத்தில் மறைக்க வேண்டியது இருந்தால் அதை மட்டும் மறைத்துவிட்டு மீதியைக் கொடுக்கலாம் (10). பொதுநலன் பெரிதென்றால் விதிவிலக்கு பொருந்தினாலும் கொடுக்கலாம் (8(2)).

இதில் ஒரு கவலையும் உண்டு. தனிநபர் தகவல் பற்றிய (j)யில், பொதுப்பணிக்குச் சம்பந்தமில்லாதது, அந்தரங்கத்தில் தேவையில்லாமல் தலையிடுவது என்றெல்லாம் நிபந்தனைகள் இருந்தன. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவற்றை எடுத்துவிட்டு, "தனிநபர் தகவல்" என்று மட்டும் சுருக்கிவிட்டது. கையெழுத்துப் போட்ட அதிகாரியின் பெயரே தனிநபர் தகவல்தான் என்று நாளைக்கு ஒருவர் வாதிடலாம். 8(2) இன்னும் இருக்கிறது. அதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

என் கதைக்கு வருகிறேன். மறுப்பு வந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட்டேன். நான் கேட்டது ஒன்றே ஒன்று: "பத்தில் எது?" பதில் சொல்ல அவர்களிடம் எதுவும் இல்லை. மினிட்ஸ் வந்தது, நாலு பக்கம். மூன்றாம் பக்கத்தில் ஒரு பொறியாளர், போடப்போகும் குழாயின் அகலம் மழைத் தண்ணீருக்குப் போதாது என்று எழுத்திலேயே ஆட்சேபித்திருந்தார்.

அதை எடுத்துக்கொண்டு தெருக்காரர்கள் பன்னிரண்டு பேர் மனு கொடுத்திருக்கிறோம். வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை.

உங்களுக்கும் அந்த ஒரு வரி பதில் வந்தால், ஃபைலை மூடி வைக்காமல் முதலில் அதையே கேளுங்கள். பத்தில் எது?