உங்களுக்குத் தெரியுமா? நிற்க மறுக்கும் விண்கலங்கள்

கேரம் பலகையில் சுண்டிய காய் உராய்வினால் வேகம் தணிந்து தானே நின்றுவிடுவதை சிறுவரும் அறிவர். ஆயினும், ஆகாயவெளியில் அத்தகைய தடை யாதும் இல்லையாதலால், 1973-இல் அமெரிக்கரான மார்க் மில்லரும் ஜான் ஹார்ஷ்மனும் வகுத்த ‘டிரைபிளானட்டரி’ என்னும் யுத்த விளையாட்டில், அறுகோணக் கட்டங்கள் நிறைந்த படத்தின்மேல் ஒரு விண்கலம் சென்ற முறை எத்திசையில் எத்தனை கட்டம் நகர்ந்ததோ, அடுத்த முறையும் அவ்வாறே நகர்ந்தாக வேண்டும். எரிபொருளைச் செலவிட்டால் மாத்திரமே சேருமிடம் ஒரு கட்டம் விலகும். கிரகத்தை அணுகினாலோ, அதன் ஈர்ப்பு செலவின்றியே பாதையை வளைத்துவிடும். பகைவனைத் துரத்துவதைவிட, உரிய காலத்தில் வேகத்தைத் தணிப்பதே இதில் பெரும் சாமர்த்தியம். அவசரக்காரர் இலக்கைத் தாண்டிப் போய்விடுவர், பாவம்! விழுப்புரத்தவர் வீரமுத்துவேல் திட்ட இயக்குநராயிருந்த சந்திரயான்-3-ம், 2023 ஆகஸ்ட் 23 அன்று, விநாடிக்குச் சுமார் 1.68 கிலோமீட்டர் வேகத்தை எரிபொருள் செலவிட்டுத் தணித்தே நிலவில் இறங்கிற்று.