உடுப்புத் தோய்க்கத் தூளா, திரவமா? முதலில் கிணற்றைக் கேளுங்கள்

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பலர் மன்னாரிலிருந்து வள்ளம் ஏறி, கல்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். 2009க்குப் பின் சிலர் ஊர் திரும்பினர். பலர் இங்கேயே வீடு கட்டி, தோட்டம் செய்து வாழ்கிறார்கள். புது இடத்துக்கு வந்த குடும்பம் முதலில் பழகவேண்டியது அங்குள்ள தண்ணீரைத்தான். குளத்தடியில் தோய்த்துப் பழகிய கைகளுக்கு, இந்தக் கரையோரக் கிணற்று நீரில் சவர்க்காரம் நுரைக்காமல் வழுக்கிக்கொண்டு போவது ஒரு புதிர். சவர்க்காரம் கூடாதது என்று கடைக்காரரைக் குறை சொல்கிறோம். ஆனால் குற்றம் பெரும்பாலும் தண்ணீரில் இருக்கிறது.

நம் மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தின் கீழ் சுண்ணாம்புக்கல் உண்டு. அருவக்காட்டில் தோண்டி எடுக்கும் அந்தக் கல்லில்தான் புத்தளத்துச் சீமெந்து உற்பத்தியாகிறது. கடலோர மணலிலோ சிப்பித் துண்டுகள் கலந்திருக்கின்றன. மழைநீர் இவற்றினூடாக இறங்கும்போது கல்சியத்தைக் கரைத்துக்கொண்டு போகிறது. இப்படிப்பட்ட நீரையே வன்னீர் என்கிறோம். தேநீர்க் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் பொருக்குப் பிடிக்கிறதா? அதுதான் அடையாளம்.

இன்னும் உறுதியாக அறிய விரும்பினால் ஒரு சிறு சோதனை செய்யலாம். ஒரேயளவான இரண்டு போத்தல்களை எடுங்கள். ஒன்றில் கிணற்று நீரையும் மற்றதில் மழைநீரையும் அரைவாசிக்கு ஊற்றுங்கள். சாதாரண சலவைச் சவர்க்காரக் கட்டியிலிருந்து நகக்கண் அளவு சீவி இரண்டிலும் போட்டுக் குலுக்குங்கள். மழைநீரில் நுரை பொங்கி நிற்கும். வன்னீரானால் நுரை எழாமல், பால்போலக் கலங்கி, திரிதிரியாக ஏடு மிதக்கும். இந்தச் சோதனைக்குத் தூளையோ திரவத்தையோ பயன்படுத்த வேண்டாம். அவை வன்னீரிலும் நுரைத்து உங்களை ஏமாற்றிவிடும்.

சவர்க்காரம் என்பது எண்ணெயும் எரிசோடாவும் சேர்ந்து உண்டாவது. வன்னீரிலுள்ள கல்சியம் அதைப் பிடித்து அந்த ஏடாக மாற்றிவிடுகிறது. உள்ள கல்சியமெல்லாம் தீர்ந்த பின்பே மிச்சச் சவர்க்காரம் அழுக்கில் வேலை செய்யத் தொடங்கும். அதாவது கட்டியில் ஒரு பங்கு அழுக்குக்கல்ல, கிணற்றுக்கே செலவாகிறது. அந்த ஏடு துணியில் ஒட்டி, பாடசாலை வெள்ளைச் சட்டையைச் சாம்பல் நிறமாக்குகிறது. நீர் உவர்ப்பாகவும் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அப்படியான கிணற்றுக்குக் கட்டிதான் வேண்டுமென்றால் தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் பாருங்கள். உப்பு நீரில் மற்றவற்றைவிட அது நன்றாக நுரைக்கும். தென்னைக்குப் பேர்போன மாவட்டத்தில் இருந்துகொண்டு இதை மறந்துவிட்டோம்!

தூளும் திரவமும் உண்மையில் சவர்க்காரம் அல்ல. வேறு இரசாயனங்களால் ஆனவை. முதலாம் உலகப்போர்க் காலத்தில் கொழுப்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஜேர்மனியில் இவ்வகைப் பொருள்களைத் தேடத் தொடங்கினார்கள். 1946இல் அமெரிக்காவில் வந்த டைட் என்ற தூளுக்குப் பெயர் வாங்கித் தந்ததே வன்னீரில் அது நன்றாக வெளுத்ததுதான்.

தூளில் அழுக்கு நீக்கும் பொருளோடு சலவைச் சோடாவும் பெருமளவில் இருக்கும். சோடா கல்சியத்தைப் பிடித்து ஒதுக்கிவிடுவதோடு, மண், வியர்வை, சேறு ஆகியவற்றை இளக்கவும் செய்கிறது. ஆகவே வெங்காயத் தோட்டத்தில் நாள் முழுதும் குந்தியிருந்த சாரத்துக்கும், பருத்திச் சேர்ட்டுக்கும், பிள்ளைகளின் வெள்ளை உடுப்புக்கும் எங்கள் தெரிவு தூள்தான். ஆனால் துணிமேல் நேரே தூவாதீர்கள். வாளியில் சிறிது நீர் விட்டுக் கரைத்து, பிறகு துணியை அரை மணித்தியாலம் ஊறவையுங்கள். சோடா கையைத் தின்னும் என்பதையும் சொல்லவேண்டும். வெங்காயம் பிடுங்கி வெடித்த விரல்களுக்கு அது எரிச்சல். தோய்த்து முடிந்ததும் கையில் தேங்காயெண்ணெய் பூசுங்கள்.

திரவத்தில் பெரும்பகுதி தண்ணீர். சோடா குறைவு, அல்லது இல்லை. எனவே சேற்றுக்கு அது தூளுக்கு ஈடாகாது. எண்ணெய்க் கறைக்கு வல்லது: கறிச்சட்டியின் எண்ணெய், நீர்ப்பம்பியின் கிரீஸ், சட்டைக் கழுத்துப்பட்டியின் பிசுக்கு. கறைமேல் சில துளி விட்டுக் கசக்கினால் போதும். கறுப்பு அபாயாவுக்கும் நிறத்துணிக்கும் திரவமே நல்லது. வன்னீரில் தூள் சில வேளை வெண்கோடுகளை விட்டுப்போகும். திரவம் அப்படிச் செய்வதில்லை. திரவத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கவேண்டாம். பிள்ளைகள் குடிபானம் என்று நினைத்துக் குடித்துவிடக்கூடும்.

விலையைப் பைக்கற்றின்மேல் பார்க்காதீர்கள். வாங்கிய நாளை அதில் எழுதி, எத்தனை வாளி தோய்த்தோம் என்று கோடு போட்டுவாருங்கள். முடிந்ததும் விலையை வாளிகளால் பிரித்தால் உண்மை தெரியும். சிறு பைக்கற்றுகள் மலிவுபோலத் தோன்றும். கணக்குப் பார்த்தால்தான் தெரியும். நுரை கூடினால் அழுக்குக் கூடப் போகும் என்பதும் தவறு. கூடிய நுரைக்குக் கூடிய அலசல் நீர் வேண்டும், அவ்வளவுதான்.

பூச்சிமருந்து தெளித்த உடுப்பு தனிக்கதை. அதை வீட்டு உடுப்புகளோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். கையுறை போட்டு, முதலில் வெறும் நீரில் அலசி, அதன்பின் சவர்க்காரமிட்டுத் தோயுங்கள். நீரில் விட்டதும் பால்போல வெளுக்கும் எண்ணெய்த்தன்மையான மருந்துகளுக்குச் சுடுநீரும் திரவமும் கூடிய பலன் தரும். தூளாக வாங்கிக் கரைக்கும் மருந்துகளுக்குச் சலவைத் தூள் பொருத்தம். வாளியையும் இரண்டாம் முறை கழுவி, உடுப்பை நல்ல வெயிலில் காயவிடுங்கள். அன்றன்று தோய்ப்பது முக்கியம்; நாட்பட்டால் மருந்து துணியில் ஊறிவிடும்.

இனி, அந்த அழுக்கு நீர் எங்கே போகிறது? எங்களுக்குத் தூளா திரவமா என்பதைவிட இதுவே பெரிய கேள்வி. கல்பிட்டிக் குடாநாட்டின் நன்னீர், கீழே கிடக்கும் உவர்நீரின்மேல் ஒரு படலமாக மிதக்கிறது. மணலில் ஊற்றியது வடிகட்டப்படாமல் சீக்கிரம் அந்தப் படலத்துக்குப் போய்ச் சேரும். தோட்டங்களுக்கு இடும் உரத்தால் இப்பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் பல முறை காட்டியிருக்கின்றன. நீரைக் கொதிக்கவைத்தாலும் அது போகாது. அந்தக் கிணற்றடியிலேயே நின்று உடுப்பும் தோய்த்தால், ஊற்றிய நீரையே நாளை குடிக்கிறோம்.

தோய்ந்த நீரைப் பயிருக்கு விடுபவர்கள் தூளில் கவனமாயிருங்கள். அதிலுள்ள சோடியம் உப்பு வெங்காய நாற்றையும் மிளகாய்க் கன்றையும் வாட்டும். நீரை மீளப் பயன்படுத்தும் வீட்டுக்கு, விலை சற்றுக் கூடினாலும், திரவம் மேல். தூள் நீரானால், இரண்டாம் மூன்றாம் அலசல் நீரை மட்டும் தென்னைக்கு விடுங்கள். தென்னை உப்பை ஓரளவு தாங்கும். முதல் நீரும் பூச்சிமருந்து உடுப்பின் நீரும் எந்தப் பயிருக்கும் வேண்டாம்.

தோய்க்கும் கல்லைக் கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி, நிலம் தாழ்ந்த பக்கமாகப் போடுங்கள். சுற்றிச் சீமெந்து பூசி, நீர் ஓடப் பீலி வைத்து, அதன் முடிவில் வாழை நடுங்கள். பல குடும்பங்களுக்குப் பொதுக்கிணறு ஒன்றே இருக்கும் இடங்களில் இதை ஒருவர் தனியே செய்யமுடியாது. கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழையில் தகரக் கூரையின்கீழ் ஒரு பீப்பாய் வைத்தால், அந்த மாதங்களில் பழைய சவர்க்காரக் கட்டியே போதும்.