சொந்தச் சேர்வரைப் பாதுகாப்பாகப் புதுப்பிப்பது எப்படி?

பேஸ்புக் போன்ற தளங்களில் நாம் எழுதுபவையும் ஏற்றும் படங்களும் ஒரு பெரிய கம்பனியின் கணினிகளில் இருக்கின்றன. அவற்றைப் பராமரிப்பது கம்பனியின் வேலை. விதிகளை மாற்றுவதும் கம்பனியின் விருப்பம். இதற்கு மாற்றாக, ஒரு சங்கமோ நண்பர் குழுவோ சேர்வர் எனப்படும் கணினி ஒன்றை வைத்து, அதில் இலவச மென்பொருளை நிறுவி, தமக்கென ஒரு சமூக வலைத்தளத்தைத் தாமே நடத்தலாம். இத்தகைய மென்பொருள்களுள் பலரும் அறிந்தது மாஸ்டடன். ஜேர்மனியில் வாழும் யூஜின் ரொச்கோ 2016 இல் இதை வெளியிட்டார். இன்று உலகெங்கும் ஆயிரக்கணக்கான மாஸ்டடன் சேர்வர்கள் இயங்குகின்றன. ஒன்றில் கணக்கு வைத்திருப்பவர் வேறொன்றில் உள்ள உறவினரோடு உரையாடலாம்.

இது சொந்தக் கிணறு போன்றது. தண்ணீர் நம்முடையது, கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கும் வேலையும் நம்முடையதே. அந்த வேலைகளில் முக்கியமானது, மென்பொருளின் புதிய பதிப்பு வரும்போது சேர்வரைப் புதுப்பித்தல்.

ஏன் புதுப்பிக்க வேண்டும்?

"நன்றாக ஓடுகிறதே, ஏன் கைவைப்பான்?" என்று சிலர் கேட்பர். இரண்டு நிகழ்வுகளைப் பாருங்கள்.

2023 யூலை 6 ஆம் திகதி மாஸ்டடன் 4.1.3 பதிப்பு வெளிவந்தது. சூழ்ச்சியாகத் தயாரிக்கப்பட்ட ஒரு படத்தையோ ஒலிக்கோப்பையோ அனுப்பி, சேர்வருக்குள் விரும்பிய இடத்தில் விரும்பிய கோப்பை எழுதக்கூடிய ஓட்டை ஒன்றை அது அடைத்தது. மொசில்லாவின் பண உதவியுடன் நடந்த பரிசோதனையில் அந்த ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டிருந்தது.

2024 பெப்ரவரி 1 ஆம் திகதி 4.2.5 பதிப்பு வந்தது. வேறு சேர்வரிலுள்ள ஒருவரின் பெயரில் ஆள்மாறாட்டம் செய்ய இடமளித்த குறைபாட்டை அது திருத்தியது. பொறுப்பாளர்கள் தமது சேர்வர்களைப் புதுப்பிக்க அவகாசம் கொடுப்பதற்காக, அக்குறைபாட்டின் முழு விபரம் பெப்ரவரி 15 வரை வெளியிடப்படவில்லை. அவகாசம் இரண்டு கிழமை மட்டுமே. அதற்குப் பின்னரும் பழைய பதிப்பில் இருந்தவரின் கதவு, திறந்த கதவென்று எல்லோரும் அறிந்த கதவு.

ஆகவே புதுப்பித்தலைத் தள்ளிப்போடலாகாது. அவசரப்பட்டு முறையின்றிச் செய்வதும் ஆபத்தே. கமக்காரர் விதைநெல்லை எடுத்து வைத்த பின்பே மிகுதி நெல்லில் கைவைப்பார். இங்கும் அதே ஒழுங்குதான்.

எவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும்?

1. தரவுத்தளம். கணக்குகள், பதிவுகள், யார் யாரைப் பின்தொடர்கிறார் என்ற விபரம் யாவும் இதில் உள்ளன. மாஸ்டடன் இதற்குப் போஸ்ட்கிரெஸ் என்னும் மென்பொருளைப் பயன்படுத்துகிறது. இதுவே விதைநெல், இது போனால் எல்லாம் போயிற்று.

2. இரகசியத் திறவுகோல்கள் உள்ள அமைப்புக் கோப்பு. மிகச் சிறிய கோப்பு என்பதால் பலர் இதை மறந்துவிடுகின்றனர். காணி இருந்தும் உறுதி இல்லாதவர் படும் பாட்டை நீங்கள் அறிவீர்கள். தரவுத்தளம் இருந்தும் திறவுகோல்கள் இல்லையெனில் எல்லோரும் தளத்திலிருந்து வெளியேற்றப்படுவர். இரண்டு படிகளில் அடையாளம் காட்டி உள்நுழையும் பாதுகாப்பு முறையும் செயலிழந்துவிடும்.

3. உறுப்பினர்கள் ஏற்றிய படங்களும் ஒளிப்பதிவுகளும்.

4. ரெடிஸ் என்னும் தற்காலிகக் களஞ்சியம். இது இழக்கப்பட்டாலும் பெரும்பகுதியை மீண்டும் உருவாக்கலாம். எனவே இதற்குக் கடைசி இடம்.

பிரதிகளை அதே கணினியில் வைத்தால் பயனில்லை. வீடு எரிந்தால் வீட்டிலிருந்த விதைநெல்லும் எரியும். வேறோர் இடத்திலும் ஒரு பிரதி இருக்கட்டும். முளைக்குமா என்று விதையைச் சோதிப்பது போல, பிரதியை வேறொரு கணினியில் மீளநிறுவிப் பாருங்கள். அந்தச் சோதனைக் கணினியை வெளிவலையோடு இணைக்க வேண்டாம். இல்லையெனில் ஒரே பெயரில் இரண்டு சேர்வர்கள் பேசத் தொடங்கிவிடும்.

செய்யும் ஒழுங்கு

முதலில், புதிய பதிப்போடு வரும் வெளியீட்டுக் குறிப்புகளை முழுமையாக வாசியுங்கள். இடையில் சில பதிப்புகளைத் தவறவிட்டிருந்தால் அவற்றின் குறிப்புகளையும் வாசிக்க வேண்டும். 2024 ஒக்ரோபரில் வந்த 4.3.0 பதிப்பு இதற்கு நல்ல உதாரணம். அது புதிய குறியாக்கத் திறவுகோல்களை அமைப்புக் கோப்பில் சேர்க்கும்படி கேட்டது. அவை இல்லாவிட்டால் சேர்வர் எழும்பாது. ஒருமுறை சேர்த்தபின் அவற்றை மாற்றவும் கூடாது. அமைப்புக் கோப்பின் பழைய பிரதியில் அவை இராது என்பதால், சேர்த்தவுடன் புதிய பிரதி எடுக்கவும் வேண்டும்.

இரண்டாவதாக, பாவனையாளர் குறைந்த நேரத்தைத் தெரிந்து முன்கூட்டியே அறிவியுங்கள். வட்டில் போதிய இடம் உண்டா என்று பாருங்கள்.

மூன்றாவதாக, தொடங்குவதற்குச் சற்றுமுன் புதிய காப்புப்பிரதி எடுங்கள். பிரதி எடுத்த பின் எழுதப்பட்டவை, மீளநிறுவும்போது கிடைக்கமாட்டா.

நான்காவதாக, புதிய மென்பொருளையும் அதற்குத் துணையான பொதிகளையும் இறக்கி, குறிப்புகளில் சொன்ன ஒழுங்கில் தரவுத்தளத்தை மாற்றுங்கள். சில பதிப்புகளில் இம்மாற்றம் இரண்டு கட்டமாக நடக்கும். முதற்கட்டத்தின் பின் சேர்வரை மீள இயக்கி, எல்லாம் ஒழுங்கென்று கண்ட பிறகே இரண்டாம் கட்டத்தைச் செய்ய வேண்டும்.

இறுதியாக, உள்நுழைதல், பதிவிடுதல், படம் ஏற்றுதல், வேறு சேர்வரிலுள்ளவரின் பதிவு வந்து சேருதல் ஆகிய நான்கையும் சோதித்துப் பாருங்கள்.

பிழைத்தால் என்ன செய்வது?

பதறாத காரியம் சிதறாது. பிழைச்செய்தியை அப்படியே எழுதி வைத்துவிட்டு, குறிப்புகளை மீண்டும் வாசியுங்கள். பழைய மென்பொருளை மட்டும் திரும்பப் போட்டால் போதும் என்று எண்ணலாகாது. தரவுத்தளம் மாறிய பின் பழைய மென்பொருளுக்கு அது விளங்காமற் போகலாம். அப்போது திரும்பிச் செல்லும் வழி, எடுத்து வைத்த காப்புப்பிரதி ஒன்றே.

மாஸ்டடனில் ஒருவர் வேறு சேர்வருக்கு இடம் மாறலாம். அவரைப் பின்தொடர்பவர்களும் கூடவே மாறுவர். ஆனால் பழைய பதிவுகள் பழைய இடத்திலேயே நின்றுவிடும். பழைய சேர்வர் உயிரோடு இருந்தால்தான் அந்த இடமாற்றமும் நடக்கும். சேர்வர் திடீரென அழிந்தால் உறுப்பினர்கள் தம் தொடர்புகளை ஒவ்வொன்றாகத் தேடிப்பிடிக்க வேண்டும். வீடு வளவை விட்டு வந்தவர்களுக்கு இதன் வலியை விளக்க வேண்டியதில்லை.

எனவே இந்த வேலையை ஒரே ஒருவரின் தலையில் சுமத்தாதீர்கள். குறைந்தது இருவர் இதைப் பழகியிருக்க வேண்டும். எந்த நாளில் எந்தப் பதிப்புக்கு மாறினோம், பிரதி எங்கே உள்ளது, என்ன பிழை வந்தது என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இன்றைய பொறுப்பாளர் நாளை வேறிடம் போனாலும், அடுத்து வருபவர் அந்தக் கொப்பியைப் பார்த்து வேலையைத் தொடரலாம்.