மலைமேல் பொழியும் மியூவான்கள்

உள்ளங்கையை வானம் பார்த்து விரியுங்கள். ஏறக்குறைய நொடிக்கு ஒரு மியூவான் என்னும் நுண்துகள் அதைத் துளைத்துப் போகிறது, வலிக்காது. விண்வெளியிலிருந்து வரும் புரோட்டான், தரைக்கு 15, 20 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அணுக்கருவில் மோதும்போது பையான்கள் என்னும் துகள்கள் பிறக்கின்றன. அவை சிதைந்து மியூவான்கள் ஆகின்றன. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகம் பெரும் பொருட்செலவில் நடத்தும் மோதலை வானம் இலவசமாகவே நடத்துகிறது. திருவண்ணாமலையில் ஒரு கல்மண்டபத்துக்குள் ஒதுங்கினாலும் மியூவான்கள் விடுவதில்லை. ஆனால், எதிரே தெரியும் அண்ணாமலையின் பாறையில் புகுபவற்றில் பெரும்பாலானவை சில மீட்டர் ஆழத்திலேயே நின்றுவிடும்.

மியூவான்களை எண்ணும் இடங்களில் ஒன்று ஊட்டி. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வகத்தில், கனத்த கான்கிரீட்டுக்கு அடியில், வாயு நிரப்பிய 3,712 குழாய்கள் நான்கு அடுக்குகளாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் 6 மீட்டர் நீளம். அடுத்தடுத்த அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். மியூவான் நுழைந்ததும் குழாயில் மின் துடிப்பு எழும். எந்தெந்தக் குழாய் துடித்தது என்று பார்த்தால் துகள் வந்த திசை தெரிந்துவிடும்.

2014 டிசம்பர் 1 அன்று இடிமழையின்போது மியூவான் எண்ணிக்கை சட்டென்று குறைந்தது. அந்தக் குறைவை வைத்தே கிரேப்ஸ்-3 ஆய்வாளர்கள் மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததாகக் கணக்கிட்டு, 2019-இல் வெளியிட்டார்கள். இடிமேகத்தில் 100 கோடி வோல்ட்டுக்கு மேல் அளக்கப்பட்டது அதுவே முதல் முறை.